மேல்தாடைக்கு ஒரு நேர்த்திக்கடன்

என் முகம் மொத்தமாக வளர்ந்த முகம் அல்ல, தவணை முறையில் வளர்ந்தது. நெற்றி தன் பாட்டுக்கு வளர்ந்தது. மூக்கு கொஞ்சம் தயங்கிவிட்டு வளர்ந்தது. மோவாய்க்கு யார் என்ன சொல்லிவிட்டார்களோ, நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. நடுவில் இருக்கிற மேல்தாடை மட்டும், 'நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன்' என்று உட்கார்ந்துவிட்டது. ஒன்பது வயதில் என்னைப் பக்கவாட்டில் பார்த்தால் பிறை நிலா மாதிரி இருப்பேன். நேராகப் பார்த்தால் யாரோடோ சண்டைக்குப் போகிற மாதிரி இருப்பேன். பாதி நேரம் உண்மையிலேயே சண்டைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதால் அதில் பெரிய தவறில்லை.

பிறக்கும்போதே எனக்கு உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. கைக்குழந்தையாக இருந்தபோது மதுரையில் வைத்து உதட்டைத் தைத்தார்கள். தத்தக்கா பித்தக்கா என்று நடக்கத் தொடங்கிய சமயத்தில் அண்ணத்தைத் தைத்தார்கள். என் அம்மா வீட்டில் மெஷின் போட்டு நைட்டி தைக்கிறவர். உதட்டுத் தையலை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம கையி கூட இம்புட்டு நைசா ஓட்டாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். தைத்தாயிற்று, வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முகம் என்பது தைத்து மடித்து வைக்கிற துணி அல்ல, இன்னும் பல வருஷம் வளரப்போகிற சாமான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். சந்தோஷத்தில் எங்கள் காதில் விழுந்திருக்காது.

எனக்கு முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எல்லோருக்கும் மேல்பல் வெளியேயும் கீழ்ப்பல் உள்ளேயும் இருக்கும். எனக்குத் தலைகீழ். மறுபடியும் மதுரைக்குப் போனோம். இந்தமுறை பல்லையும் தாடையையும் சீர்செய்கிற ஒரு டாக்டரம்மா. அவர் என் தலையைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தன் மேசை டிராயர் இரண்டையும் இழுத்துக் காட்டினார்.

"கீழ் டிராயர் வெளிய வந்துக்கிட்டே இருக்கு. மேல் டிராயர் சிக்கிக்கிச்சு. அண்ணத்துல தைச்ச எடத்துல தழும்பு இருக்கில்லையா, அது எலும்பை முன்னாடி வளரவிடாம இழுத்துப் பிடிக்குது."

"இறுக்கித் தைச்சா துணி சுருக்கு வாங்கும்ல, அது மாதிரியா?" என்று கேட்டார் அம்மா.

"அதே மாதிரிதான்."

அம்மாவின் முகம் வாடியது. "அப்பப் பிரிச்சுத் தைக்கணுமா?"

பிரிக்க வேண்டாம், இழுக்கலாம் என்றார் டாக்டரம்மா. இந்த வயதில் எலும்பு இளசாக இருக்கிறது. வெளியிலிருந்து இழுத்துக் கொடுத்தால் மேல்தாடை முன்னால் வரும். எலும்பு இறுகிவிட்டால் இழுப்புக்கு வராது. பிறகு முகம் வளர்ந்து முடியும்வரை காத்திருந்து, பதினெட்டு வயதுக்கு மேல் எலும்பை அறுத்துத்தான் முன்னால் நகர்த்த வேண்டும். அவர் பேசியதில் 'அறுத்து' என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு ஒழுங்காகக் கேட்டது. போதுமே.

இழுக்கிற சாமானைக் கொடுத்தார்கள். நெற்றிக்கு ஒரு மெத்தை, மோவாய்க்கு ஒரு மெத்தை, இரண்டையும் இணைத்து முகத்துக்கு நடுவே இறங்குகிற ஒரு கம்பி. வாய்க்கு முன்னால் குறுக்கே இன்னொரு கம்பி. மேல்பற்களில் கொக்கி வைத்த தகடு ஒன்றை ஒட்டிவிட்டார்கள். அந்தக் கொக்கியிலிருந்து குறுக்குக் கம்பிக்கு இரண்டு ரப்பர் பாண்டு. ரப்பர் இழுக்க இழுக்கத் தாடை வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டினால் மறுநாள் காலையில்தான் கழற்ற வேண்டும். லீவு நாளென்றால் பகலிலும் மாட்ட வேண்டும். மொத்தம் ஒன்றரை வருஷம் என்றார்கள்.

என் அப்பா குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். பருத்தி மூட்டை, மிளகாய் வத்தல், கல்யாண வீட்டுப் பாத்திரம், கிடைக்கிற லோடு எதுவானாலும் ஏற்றுவார். நான் முதல் தடவை அதை மாட்டிக்கொண்டு நின்றபோது அவர் என்னை முன்னால் வந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்.

"ஏத்தா, நம்ம வண்டிக்குக்கூட இம்புட்டு நல்ல பம்பர் கெடையாது" என்றார்.

அந்த வீட்டில் ரப்பர் பாண்டு பட்ட பாடும், ரப்பர் பாண்டால் நாங்கள் பட்ட பாடும் சொல்லி மாளாது. கொட்டாவி விட்டால் தெறிக்கும். ஒன்று அப்பாவின் ரசத்தில் விழுந்தது. ஒன்று சுவர்ப்பல்லியைப் போய் அடிக்க, அது வாலைப் போட்டுவிட்டு ஓடியது. குறிபார்த்து அடித்தேன் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். இல்லை என்று நானும் மறுப்பதில்லை.

வீட்டுக்குள் எல்லாம் கூத்துதான். வாசலைத் தாண்டச் சொன்னால்தான் நான் அசைய மாட்டேன். நைட்டி வாங்க யாராவது வந்தால் கழற்றி எறிந்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய்விடுவேன். எங்கள் வீட்டில் யாராவது வராத நேரமே கிடையாது. ஆகவே அந்தச் சாமான் என் முகத்தில் இருந்ததைவிட ஆணியில் தொங்கியதுதான் அதிகம். அம்மா கெஞ்சினார், அடித்தார், தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மிட்டாயை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் வேலை, தைத்து முடித்த நைட்டியில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டுவது. அம்மாவுக்குக் கத்தரிக்கோல் தேவையே இல்லை. துணியைத் தூக்கி வாயருகே கொண்டுபோவார், 'டக்' என்று ஒரு சத்தம், நூல் அறுந்துவிடும். அந்த 'டக்' மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். நானும் கடிப்பேன். என் முன்பற்கள் ஒன்றையொன்று சந்திக்காது. நூல் நடுவில் ஹாயாகப் போய் வரும். டாக்டரம்மா ஒருமுறை, "பல்லு சரியானதும் என்ன கடிச்சுத் திங்கப் போற, கொய்யாப்பழமா?" என்று கேட்டார். "நூலு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

அதுதான் இன்னொரு சங்கடம். என் பேச்சில் பாதி மூக்கு வழியாகப் போகும். வீட்டில் எல்லோருக்கும் புரியும். வெளியே, "என்ன?" என்பார்கள். இன்னொரு தரம் சொன்னால், "என்னது?" என்பார்கள். மூன்றாவது தரம் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்ப்பார்கள். அதனால் நான் வெளியாட்களிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். கடையில் சாமான் வாங்கக்கூட விரலால்தான் காட்டுவேன்.

நாலு மாதம் இப்படி ஓடியது. டாக்டரம்மா அளந்து பார்த்தார். தாடை ஒரு இம்மிகூட நகரவில்லை. அவர் திட்டவில்லை. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் இதைக் கழற்றி வைத்துவிடலாம், பிறகு ஆபரேஷனுக்குப் பார்த்துக்கொள்வோம் என்று சொன்னார். திட்டியிருந்தால்கூட அம்மா அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

அந்த அடுத்த தடவை பங்குனி மாதத்தில் வந்தது. மதுரைக்குக் கிளம்புகிற அன்று காலையில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்காவது மாட்டிக்கிட்டு வாத்தா. டாக்டரம்மா பாக்கும்போது மூஞ்சியில இருக்கட்டும்."

"புதுக் கவுன் குடுத்தா மாட்டுறேன்."

அம்மா அசரவில்லை. நைட்டித் துணியில் மிச்சம் விழுந்த மஞ்சள் துண்டில், சின்னச் சின்னச் சிவப்புப் பூப்போட்டது, முன்கூட்டியே ஒரு கவுன் தைத்து வைத்திருந்தார். அதோடு நிற்கவில்லை. நெற்றி மெத்தைக்கும் மோவாய் மெத்தைக்கும் அதே துணியில் உறை தைத்து மாட்டியிருந்தார். எனக்கு மறுக்க வழியில்லாமல் போனது.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. அருப்புக்கோட்டை போய்த்தான் மதுரை பஸ் பிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் அம்மன் கோயில் பொங்கல் திருவிழா சாட்டுவது வைகாசியில் என்பதால், அன்றைக்கு அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல் என்ற நினைப்பே எங்கள் இருவருக்கும் இல்லை. டவுனுக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்.

"தீச்சட்டி வருது, பஸ்ஸு போகாது. எறங்கி நடந்துக்கிருங்க" என்றார் கண்டக்டர்.

இறங்கினோம். ரோடு முழுக்க மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக இருந்தது. அம்மா சட்டென்று குனிந்து என் செருப்பைக் கழற்றினார். "சாமி வார ரோட்டுல செருப்போடயா போவ?" என்று தன் செருப்பையும் சேர்த்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டார். நான் முகத்துச் சாமானைக் கழற்றப் போனேன். "அதுல கை வச்ச, தொலச்சுப்புடுவேன்" என்றார். ஆக, மஞ்சள் கவுன், வெறுங்கால், வாய்க்குக் குறுக்கே கம்பி. இந்தக் கோலத்தில் பங்குனிப் பொங்கலுக்குள் நுழைந்தேன்.

கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்து என் காலில் தண்ணீர் ஊற்றினார். வெயிலுக்கு இரக்கப்பட்டு ஊற்றுகிறார் என்று நினைத்தேன். இன்னொருவர் வந்து காலில் மஞ்சள் தடவினார். ஒருவர் என் நெற்றி மெத்தைமேல் குங்குமம் வைத்தார். அப்புறம் எங்களுக்கு முன்னால் கூட்டம் விலகத் தொடங்கியது.

"வழி விடுங்கப்பா, வாய்ப்பூட்டுப் புள்ள வருது."

வாய்ப்பூட்டு என்பது எங்கள் பக்கத்தில் ஒரு நேர்த்திக்கடன். வாயில் சின்ன வேல் குத்திக்கொண்டு, கோயில் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் நடப்பார்கள். பெரியவர்களே அன்று ஒருநாள்தான் போடுவார்கள். என் அம்மாவின் கை என் கையை நெரித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் குலவைச் சத்தம். திரும்பிப் போகவும் வழியில்லை, ஒதுங்கவும் இடமில்லை. நடந்தோம்.

மஞ்சள் சேலை கட்டிய ஒரு அக்கா எங்களோடு சேர்ந்துகொண்டார். அகலமான முகம், நெற்றி நிறையக் குங்குமம். அவர் அம்மாவிடம் கேட்டார்.

"ஏம்மா, என்ன வேண்டுதலு?"

என் அம்மாவுக்குப் பொய் வராது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. "மூஞ்சி நல்லா முன்னாடி வரணும்னு" என்றார்.

"காலையில இருந்தா போட்டுருக்கு?"

"ஆறு மாசமா."

அந்த அக்கா நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஆறு மாதம் வாய்ப்பூட்டுப் போட்ட பிள்ளையை அருப்புக்கோட்டை பார்த்ததில்லை.

"இன்னும் ஒரு வருசம் போடணும்னு சொல்லியிருக்காக" என்று அம்மா மெல்லிய குரலில் முடித்தார்.

"யாரு சொன்னது?"

"மதுரைல."

"ஆத்தி! மீனாச்சியே சொல்லிட்டாளா!" என்று அந்த அக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். அம்மா வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கும் வாய்ப்பூட்டுப் போட்ட மாதிரிதான் ஆகிவிட்டது.

அடுத்து அந்த அக்கா என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். "காப்புக் கட்டலையா? காப்பு இல்லாமயா இம்புட்டுப் பெரிய வேண்டுதலு?" என்று இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் நூலை எடுத்து, என் கையில் மூன்று முடிச்சாக இறுக்கிக் கட்டினார். "முடியிற வரைக்கும் அவுக்கக் கூடாது தாயி."

இவ்வளவு நேரமும் நான் ஒரு வார்த்தை பேசாமல் நடந்துகொண்டிருந்தேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை, பேசாததற்கு என்னை அசடு என்று நினைக்கவும் இல்லை. அப்படியொரு மரியாதையை நான் அதுவரை கண்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிமிர்ந்து, மோவாயை இன்னும் முன்னால் நீட்டி நடந்தேன். கம்பி வெயிலில் சுட்டது. சுடட்டும் என்று நடந்தேன்.

உறுமி அடிக்கிறவர்கள் பக்கத்தில் வந்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது.

ரப்பர் தெறித்தது. பறந்துபோய் உறுமியின் தோலில் 'டொப்' என்று விழுந்தது. அடித்தவர் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதும் மற்ற மேளமும் நின்றது. திடீரென்று அந்த ரோட்டில் அப்படியொரு அமைதி.

"பூட்டுத் தெறிச்சிருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

எல்லோரும் கும்பிட்டார்கள். மஞ்சள் சேலை அக்கா என் முன்னால் மண்டியிட்டு, "ஆத்தா, வாய் தொறந்து ஒரு வார்த்த சொல்லு" என்றார்.

என் குரல் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். இத்தனை பேரும் "என்ன?" என்று கேட்கப் போகிறார்கள், அப்புறம் அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். அம்மாவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"வெயிலு சுடுது. மோரு வேணும்."

பாதி மூக்கு வழியாகத்தான் போனது. ஆனால் "என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"மோரு! ஆத்தா மோரு கேக்குது!"

எங்கெங்கிருந்தோ மோர் வந்தது. சொம்பில் வந்தது, டம்ளரில் வந்தது, பானகமும் சேர்ந்து வந்தது. ஒரு நீர்மோர்ப் பந்தலில் இருந்து வாளியையே தூக்கி வந்துவிட்டார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர், "குளுச்சி கேக்குதுலே, இந்த வருசம் மழை உண்டு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அந்த வருஷம் மழை பெய்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் குடித்துக்கொண்டிருந்தேன். கவுன் முழுக்க மோர்.

பேசினால் புரிகிறது என்று தெரிந்ததும் என்னை நிறுத்த முடியவில்லை. இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னேன். தலைப்பாகைக்காரரை நல்லாயிருக்கச் சொன்னேன். உறுமிக்காரரிடம் என் ரப்பரைத் திருப்பிக் கேட்டேன், அவர் அதைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் குறைய வேண்டும் என்று அடுத்து சொல்லப்போன நேரத்தில் அம்மா தொடையில் கிள்ளி இழுத்துக்கொண்டு போனார்.

மதுரை பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர, காரியாபட்டி வரைக்கும் சிரித்தார். காரியாபட்டி தாண்டியதும் அழ ஆரம்பித்துவிட்டார்.

"சாமி காரியத்துல போயி ஊர ஏமாத்திட்டமேத்தா."

"நீ பொய்யே சொல்லலியேம்மா. மூஞ்சி முன்னாடி வரணும்னுதான சொன்ன?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இது வேண்டுதலுதான். காப்ப அவுக்காத. அடுத்த பங்குனிக்குள்ள மேல்பல்லு முன்னாடி வந்துரணும். வந்து, கோயில்ல வச்சு அவுப்போம். வரலேன்னா…" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

நெற்றி மெத்தையில் குங்குமமும் குறுக்குக் கம்பியில் வேப்பிலையுமாக நான் உள்ளே போனதைப் பார்த்து டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அம்மா நடந்ததைச் சொல்லச் சொல்ல, கையுறை போட்ட கையாலேயே கண்ணைத் துடைத்தார். தாடை நகரவில்லை. ஆனாலும் சாமானைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. "அடுத்த பங்குனிவரை பாப்போம். சாமிக்குப் போட்டாலும் சரி, எனக்குப் போட்டாலும் சரி, மூஞ்சியில இருக்கணும்" என்றார்.

இருந்தது. அதற்குப் பிறகு அதைக் கழற்றச் சொன்னால்தான் சண்டை. கடைக்கு மாட்டிக்கொண்டு போனேன். மாவு மில்லுக்கு மாட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வாய்ப்பூட்டு இல்லை என்று நன்றாகத் தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வாளி மோரைக் குடித்தவளுக்கு எதற்குக் கவலை? லீவு நாளில் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு பந்தல்குடிப் பக்கம் போகும்போது, "பம்பர் மாட்டியாச்சா, போவமா?" என்பார். முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். ரோட்டோரக் கடையில் லாரி டிரைவர்கள் என்னையே பார்ப்பார்கள். நான் கடைக்காரரிடம் சத்தமாக, "டீ ஒண்ணு, பாலு ஒண்ணு" என்பேன். "என்ன?" என்பார். மறுபடி சொல்வேன். "என்னது?" என்பார். மறுபடி சொல்வேன். அப்பாவைப் பார்க்கத் திரும்பினால், அப்பா வேண்டுமென்றே வண்டி டயரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் பால் வரும்.

மேல்தாடை நகர்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு ஒரு வழி தெரியும். நைட்டி தைத்து முடித்ததும் ஒரு நூலை என் வாய்க்கு நேரே நீட்டுவார். "கடி." கடிப்பேன். நூல் வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலம் வரை வழுக்கிக்கொண்டு போனது. தை மாதத்தில் ஒருநாள், நூல் போகவில்லை. பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அறுபடவில்லை, ஆனால் மாட்டிக்கொண்டது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, "இழு, இழு" என்று அந்தப் பக்கம் இழுத்தார், நான் இந்தப் பக்கம் கடித்துக்கொண்டு இழுத்தேன். அப்பா வந்து பார்த்தபோது இருவரும் கயிறு இழுக்கும் போட்டியில் இருந்தோம்.

பங்குனி வந்துவிட்டது. டாக்டரம்மாவைப் பார்க்கும் நாள் பொங்கலுக்குப் பிறகுதான். வேண்டுதல் நிறைவேறியதா இல்லையா என்று தெரியாமலேயே அருப்புக்கோட்டைக்குப் போனோம். கையில் இருந்த காப்பு, சோப்பும் எண்ணெயும் வியர்வையும் பட்டு நிறம் மாறி, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. சன்னதி முன்னால் நின்று அம்மா அதை அவிழ்க்கப் பார்த்தார். நகம் நுழையவில்லை. கூடையைத் துழாவினார். தேங்காய், பழம், சூடம், செருப்பு எல்லாம் இருந்தது. தையல்காரி கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது. "சீக்கிரம் நகருங்கம்மா" என்றார்கள். காப்பு அவிழ மறுத்ததற்கு அவர் மனதுக்குள் என்ன அர்த்தம் ஓடியது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் முகத்துச் சாமானைக் கழற்றிவிட்டுக் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். முதல் கடியில் நூல் வழுக்கியது. இன்னொரு தரம், முன்பல்லை வைத்துக் கடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டினேன்.

'டக்.'

அதே சத்தம். அம்மாவின் சத்தம், என் வாயிலிருந்து. நூல் காலடியில் விழுந்தது. அம்மா நம்பவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பது போல, இரண்டு விரலால் என் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். மேல்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி வந்து, வெளியே நின்றது. அம்மா தலையை அண்ணாந்து குலவை போட்டார். என் அம்மாவுக்குக் குலவை போடத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் சந்தோஷத்தில் குதித்தேன், பின்னால் நின்றவர் காலில் மிதித்தேன், அவர் திட்டினார், அதற்கும் சிரித்தேன்.

டாக்டரம்மா அப்போதே எச்சரித்திருந்தார். வயதுக்கு வரும்போது கீழ்த்தாடை மறுபடி ஒரு ஓட்டம் ஓடும், தழும்பு உள்ள மேல்தாடை கூடவே ஓடாது என்றார். அப்படியேதான் நடந்தது. பதினாறு வயதுக்குள் மோவாய் கொஞ்சம் முன்னால் போய்விட்டது. பதினெட்டு வயதில் புதிதாகப் படம் எடுத்து, பழைய படத்தோடு வைத்துப் பார்த்து, வளர்த்தி நின்றுவிட்டது என்றார்கள். இப்போது என் பற்கள் நுனியும் நுனியும் சந்திக்கின்றன. வேண்டுமென்றால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. பக்கவாட்டில் நான் இன்னும் கொஞ்சம் பிறை நிலாதான். விட்டுவிட்டேன்.

அம்மா இன்னும் தைக்கிறார். இத்தனை வருஷம் நூல் கடித்ததில் அவருடைய முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்துவிட்டது. நான் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், தைத்து முடித்த நைட்டியைத் தூக்கி என் வாய்க்கு நேரே நீட்டுவார். "கடி, ஆத்தா." கடிப்பேன். கத்தரிக்கோல் பக்கத்திலேயேதான் கிடக்கிறது.